சிண்டரெல்லாவின் அப்பாவை ஏன் கொல்கிறீர்கள்?

தேவதைக் கதைகளை இளையோருக்கான ஃபேன்டஸி நாவல்களாக மறுபடி எழுதும் எழுத்தாளர்களுக்கும், அவற்றைத் தேர்ந்தெடுத்துச் செம்மைசெய்து வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பதின்பருவப் பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் நூல்களை வாசிப்பவள் நான். அவற்றை அலட்சியமாகப் பார்ப்பவர்களின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். இந்தக் கதைகள் நூற்றாண்டுகளாக உயிரோடு இருப்பதே மறுபடி மறுபடி சொல்லப்பட்டதால்தான் என்று நம்புகிறேன். அந்த உரிமையோடுதான் கேட்கிறேன்: சிண்டரெல்லாவின் அப்பாவை ஏன் முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிடுகிறீர்கள்?

பழைய கதையில் அவர் சாகவில்லை. 1697இல் சார்ல் பெரோ பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட வடிவத்தில் அவர் அதே வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார். மகள் அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம் முறையிட்டால் திட்டு தனக்குத்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். அவர் இரண்டாம் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவர். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பெரோ நகர்ந்துவிடுகிறார். ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் வடிவத்தில் நிலைமை இன்னும் மோசம். காலணியோடு வந்த இளவரசன், வீட்டில் வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்கிறான். இறந்துபோன மனைவி விட்டுச்சென்ற, வளர்ச்சி குன்றிய ஒரு சாம்பல்பெண் மட்டும் இருக்கிறாள், அவள் மணமகளாக இருக்கவே முடியாது என்று பெற்ற தகப்பனே சொல்கிறார். அதற்கு முன், உள்ளே ஒளிந்திருப்பது தன் மகளோ என்ற சந்தேகத்தில் புறாக்கூண்டைப் பிளந்தவரும் பேரிமரத்தை வெட்டிச் சாய்த்தவரும் அவரே.

உங்கள் நாவல்களில் இந்த மனிதர் பாசமே உருவானவர். கடலிலோ காய்ச்சலிலோ இறந்துபோகிறார். ஒரு லாக்கெட்டையோ, குடும்ப ரகசியத்தையோ மகளிடம் விட்டுச்செல்கிறார். அதன்பிறகு நடக்கும் கொடுமை முழுவதும் வெளியிலிருந்து வந்த ஒருத்தியின் வேலையாகிவிடுகிறது. நாங்கள் சேர்ந்து வாசித்தபோது ஒரு பெண் பழைய வடிவத்தைப் படித்துவிட்டு, "அப்பா பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?" என்று கேட்டாள். உங்கள் நாவலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இறந்துபோனவரிடம் எதைக் கேட்பது?

ஒரு கதாபாத்திரத்தோடு இது முடிந்திருந்தால் மடல் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் கைவைக்கும் ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் இதே இடமாற்றம் நடக்கிறது. வீட்டுக்குள் இருந்த ஆபத்தை எடுத்து அரண்மனையில் வைத்துவிடுகிறீர்கள்.

பழைய கதைகளில் முதல் அடி எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். ஹான்சல், கிரெட்டல் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. இரவில் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். பசியால் தூக்கம் வராத பிள்ளைகள் தங்களைக் காட்டில் விட்டுவரும் திட்டத்தைப் படுக்கையிலிருந்தே கேட்கிறார்கள். சூனியக்காரியின் தின்பண்ட வீடு வருவதற்கு வெகுமுன்பே கதையின் மிகப் பெரிய பயங்கரம் நடந்து முடிந்துவிட்டது. கோபுரத்தில் அடைபடும் ரபன்சலின் பெற்றோர், அடுத்த வீட்டுச் சூனியக்காரியின் தோட்டத்துக் கீரைக்காகப் பிறக்கப்போகும் பிள்ளையைத் தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். கதையில் அவர்கள் மறுபடி தலைகாட்டுவதே இல்லை. வைக்கோலைப் பொன்னாக நூற்க வேண்டிய பெண் சாவின் விளிம்பில் நிற்பதற்குக் காரணம் அவள் தந்தையின் வீண்பெருமை. அழகியும் விலங்கும் கதையில் தந்தை அழுகிறார், தடுக்கிறார், கடைசியில் மகளைத் தானே குதிரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்.

கிரிம் தொகுப்பின் 31ஆம் கதை கையில்லாப் பெண்ணின் கதை. ஏழையான மாவுமில்காரரிடம் சாத்தான் வந்து, ஆலைக்குப் பின்னால் நிற்பதைக் கொடுத்தால் செல்வம் தருகிறேன் என்கிறான். ஆப்பிள் மரம்தானே என்று அவர் சம்மதிக்கிறார். அங்கே நின்றுகொண்டிருந்தது மகள். பிறகு சாத்தானின் மிரட்டலுக்குப் பயந்து, அவள் கைகளைத் தானே வெட்டுகிறார். வெட்டிய பிறகு, இப்போது நம்மிடம் பணம் இருக்கிறது, காலம் முழுவதும் உன்னைச் சீராட்டுகிறேன் என்கிறார். அவள் மறுக்கிறாள். இங்கே இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, வெட்டுண்ட கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, இரக்கமுள்ள மனிதர்களை நம்பிப் புறப்படுகிறாள். நான் வாசித்த எந்த ஃபேன்டஸி நாவலின் போர்க்களக் காட்சியும் அவள் வாசலைத் தாண்டும் அந்த ஓர் இடத்தின் வீரத்துக்கு ஈடாகாது.

65ஆம் கதையில் ஓர் அரசன் பெற்ற மகளையே மணக்க விரும்புகிறான். அவள் சூரியனைப்போல் ஒன்று, நிலவைப்போல் ஒன்று, விண்மீன்களைப்போல் ஒன்று என மூன்று உடைகளும், நாட்டிலுள்ள விலங்குகள் எல்லாவற்றின் தோலும் சேர்த்துத் தைத்த ஓர் அங்கியும் கேட்டுக் காலம் கடத்திப் பார்க்கிறாள். அவன் எல்லாவற்றையும் கொண்டுவந்து நிற்கிறான். உடைகளை ஒரு கொட்டையின் ஓட்டுக்குள் அடக்கிக்கொண்டு, முகத்திலும் கையிலும் கரியைப் பூசிக்கொண்டு அவள் இரவோடு இரவாக ஓடுகிறாள். இந்தக் கதையை வில்ஹெல்ம் கிரிமுக்குச் சொன்னவர் டோர்ட்சென் வில்ட், காசல் நகரத்து மருந்துக்கடைக்காரரின் மகள். பின்னாளில் வில்ஹெல்மின் மனைவி. 1812இல் வெளிவந்த முதல் தொகுதிக்குக் கதை சொன்னவர்களில் முக்கியமானவர்கள் வில்ட் வீட்டுப் பெண்களும் ஹாசன்ப்ஃலுக் சகோதரிகளும். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள், சிலர் அதற்கும் இளையவர்கள். இந்தத் தகவலைக் கொஞ்சம் மனதில் போட்டுப் பாருங்கள். நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்களோ ஏறக்குறைய அந்த வயதுப் பெண்கள், தகப்பனிடமிருந்து தப்பி ஓடும் பெண்ணின் கதையைத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தாங்க முடிந்ததை இன்றைய பிள்ளைகளால் தாங்க முடியாது என்று யார் முடிவு செய்தது?

இந்த இடமாற்றத்தை நீங்கள்தான் தொடங்கிவைத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். 1812 பதிப்பின் வெண்பனி (ஸ்னோ ஒயிட்) கதையை நினைத்துப் பாருங்கள். பனியைப்போல் வெண்மையாக ஒரு குழந்தை வேண்டும் என்று ஏங்கிப் பெற்ற அதே தாய்தான், மகளுக்கு ஏழு வயதானபோது கண்ணாடியின் பதிலைக் கேட்டு அவளைக் கொல்ல ஆள் அனுப்புகிறாள். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தாய் பிரசவத்தோடு இறந்துபோனாள். அவள் இடத்தில் மாற்றாந்தாய் வந்து உட்கார்ந்தாள். ஹான்சல், கிரெட்டலைக் காட்டுக்கு அனுப்பச் சொன்ன தாயும் 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தைத் துடைத்துவிட அன்றைக்கு வில்ஹெல்ம் கையாண்ட வழி அது. 1857இல் வெளிவந்த ஏழாம் பதிப்புவரை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். இன்று உலகம் முழுவதும் பழைய, மாறாத கதை என்று நம்பப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் திருத்தம்தான்.

ஆகவே, பழைய கதையின் பெண்கள் கோழைகள், அவர்களுக்கு நாங்கள் முதுகெலும்பு தருகிறோம் என்று உங்கள் நூல்களின் பின்னட்டைகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் எதிர்த்துச் சண்டையிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரவேற்பறைக்காகத் துடைத்து வைக்கப்பட்ட ஒரு வடிவத்தோடு. அதற்கு முன்னும் பக்கத்திலும் இருந்தவற்றை எட்டிப் பார்த்திருந்தால், உங்கள் கையிலுள்ள வாளை எங்கே வைப்பது என்றே தெரியாமல் போயிருக்கும். 1630களில் நேப்பிள்ஸ் மொழியில் அச்சான ஜியாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில் சிண்டரெல்லாவுக்கு முன்னோடியான ஸெஸொல்லா, கொடுமைக்கார மாற்றாந்தாயின் கழுத்தைப் பெட்டியின் மூடியைச் சாத்தி முறிக்கிறாள். அதைத் தூண்டிய ஆசிரியையே அடுத்த மாற்றாந்தாயாக வந்து, முந்தியவளைவிடப் பெரிய துன்பமாகிறாள். கிரிம் தொகுப்பின் 46ஆம் கதையில், மந்திரவாதியின் இரத்த அறையில் துண்டுகளாகக் கிடக்கும் அக்காமார் இருவரையும் கடைசித் தங்கை அங்கம் அங்கமாகச் சேர்த்துவைத்து உயிர்ப்பிக்கிறாள். அவர்களைப் பொன்னுக்கடியில் மறைத்து, அந்தக் கூடையை அவன் முதுகிலேயே ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறாள். பிறகு தேனில் தோய்ந்து இறகுகளில் புரண்டு, பறவையாக வேடமிட்டு, அவன் கண்ணெதிரே நடந்து தப்பிக்கிறாள். அவளிடம் ஆயுதமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை, இரத்தத்தில் ஓடும் மந்திர சக்தியும் இல்லை. அந்த வீட்டின் சாவிக்கொத்து அவளிடம் இருந்தது. அவன் காக்கச் சொல்லிக் கொடுத்த, இரத்தக்கறை பட்டால் காட்டிக்கொடுத்துவிடும் முட்டையைப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும் என்ற புத்தி இருந்தது.

தொலைந்துபோன இளவரசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கதாநாயகிகளில் எத்தனை பேர் கடைசியில் அரச வம்சத்தவர்களாகிவிடுகிறார்கள்! மரிஸ்ஸா மேயரின் 2012 நாவலான 'சிண்டர்' எனக்குப் பிடித்த நூல். அதன் கதாநாயகி பாதி மனிதப்பெண், பாதி இயந்திரம். சட்டப்படி அவள் மாற்றாந்தாயின் உடைமை. கொள்ளைநோய் ஆராய்ச்சிக்கு அவளை ஒப்புக்கொடுப்பவளும் மாற்றாந்தாய்தான். ஒரு பெண் தன் வீட்டிலேயே பொருளாக எண்ணப்படுவதை அதன் முதல் பாதி அவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது. பிறகு அவள் நிலவு அரசின் காணாமல்போன வாரிசு என்று தெரியவருகிறது. கதை சிம்மாசனத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியேற மனம் வரவில்லை.

இந்த ஆசையும் புதிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1740இல் கப்ரியேல் சூசான் த வில்நெவ் எழுதிய நீண்ட 'அழகியும் விலங்கும்' கதையில், வணிகனின் மகளாக வளர்ந்தவள் உண்மையில் ஓர் அரசனுக்கும் தேவதைக்கும் பிறந்தவள் என்று முடிச்சு அவிழ்கிறது. 1756இல் ழான் மரி லெப்ரான்ஸ் த போமோன் அதை இளம்பெண்களுக்காகச் சுருக்கியபோது அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்தார். அவள் வணிகனின் மகளாகவே இருந்தாள். இரண்டில் எது உலகம் சுற்றியது என்று உங்களுக்கே தெரியும்.

பதிப்பாசிரியர்களே, இனி உங்களிடம். கதையில் பணயம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நீங்கள். ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறுவாளா மாட்டாளா என்பது போதாது, ஓர் உலகமே அழிவின் விளிம்பில் நிற்க வேண்டும் என்கிறீர்கள். கதை மூன்று பாகங்களுக்கு நீள வேண்டும் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சமையலறையை வைத்து மூன்று பாகங்களை ஓட்ட முடியாது; போர் இருந்தால் ஓட்டலாம். வியாபாரக் கட்டாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உங்கள் வாசகரின் வயதை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று, பதினைந்து, பதினேழு. அவர்கள் இன்னும் பெற்றோரின் கூரைக்குள் இருப்பவர்கள். எந்த நேரத்தில் கதவு சாத்தப்படும், யாருடைய குரல் எப்போது உயரும், உணவு மேசையில் எதைப் பேசக் கூடாது என்றெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் உலகம். அது அழிவதைவிடப் பெரிய பணயத்தை எந்தப் பேரரசிலிருந்து கொண்டுவருவீர்கள்?

வீட்டுப் பிரச்சினைகளை யதார்த்த நாவல்கள் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் ஃபேன்டஸிக்கு வருவதே அவற்றிலிருந்து தப்பிக்கத்தான் என்று எனக்குப் பதில் வரும். தப்பிக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் தேவதைக் கதையின் தனிச்சிறப்பே அது தரும் தூரம்தான். யதார்த்த நாவலில் அப்பா ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு வேலையில் இருப்பவர். வாசிக்கும் பிள்ளை தன் வீட்டை அங்கே அடையாளம் கண்டு மிரண்டு புத்தகத்தை மூடிவிடலாம். பக்கத்தில் இருப்பவர் அட்டையைப் பார்த்தே எதையாவது ஊகித்துவிடலாம். "ஒரு ஊரில் ஒரு அரசன் இருந்தான்" என்று தொடங்கும் கதையில் அந்தப் பயம் இல்லை. அந்த அரசன் யாருடைய அப்பாவும் இல்லை. வேண்டியவருக்கு அவன் அவரவர் அப்பாவாகவும் இருக்கலாம். யாருக்கும் எதையும் சொல்லாமல், தோல் அங்கிக்குள் ஒளிந்துகொள்ளும் பெண்ணோடு ஒரு பிள்ளை ஓடிப்போய்விட்டுத் திரும்பி வரலாம். இந்த வசதி வேறெந்த இலக்கிய வகையிலும் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. அது கையில் இருக்கும்போதே டிராகன் படைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. செய்தவர்கள் இருக்கிறார்கள். பெரோவின் 'கழுதைத்தோல்' கதையை எடுத்து ராபின் மெக்கின்லி 1993இல் எழுதிய 'டியர்ஸ்கின்' தந்தையின் வன்முறையைப் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண் ஒரு நாயோடு மலைக்குடிசையில் நீண்ட குளிர்காலத்தைக் கழித்து, மெல்ல மெல்லத் தேறி, கடைசியில் அவன் முகத்துக்கு நேரே, ஊரறிய நின்று பேசுகிறாள். 1996இல் வந்த டோனா ஜோ நாபோலியின் 'ஸெல்' ரபன்சல் கதை. மகளை இழந்துவிடக்கூடாது என்ற வளர்ப்புத்தாயின் ஆவேசம் எப்படிக் கோபுரமாக மாறுகிறது என்பதைத் தாயின் குரலிலேயே சொல்கிறது. அவளை நாம் புரிந்துகொள்கிறோம். அவள் செய்ததை அந்த நூல் ஒரு கணமும் மன்னிக்கச் சொல்வதில்லை. நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' 2018இல் வந்தது. முடிவில்லாத குளிர்காலமும் தீயின் பேயும் அதில் இருக்கின்றன. ஆனாலும் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கத் தெரியாத ஒரு தந்தை, குடித்துவிட்டு அடிக்கும் இன்னொரு தந்தை, மேசையில் வைக்கப்படும் சோறு என்று கதை தரையில் காலூன்றி நிற்கிறது. வீட்டையும் நாட்டையும் ஒரே நூலுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த மூன்றில் 'ஸெல்' மட்டுமே இளையோருக்கென்று வெளிவந்தது. மற்ற இரண்டும் பெரியவர்களுக்கான நாவல்கள். வீட்டைப் பற்றிய துணிச்சல் பெரியவர்களுக்கு, கிரீடத்தைப் பற்றிய கனவு பிள்ளைகளுக்கு என்று பாகம் பிரித்தாயிற்றா?

கெட்டவர்களின் பக்கமிருந்து கதை சொல்லும் வழக்கமும் இப்போது பெருகியிருக்கிறது. சூனியக்காரிக்கும் மாற்றாந்தாய்க்கும் இளமைப்பருவம் தருகிறீர்கள், அவர்கள் ஏமாற்றப்பட்டதையும் காயப்பட்டதையும் காட்டுகிறீர்கள். அது நல்ல முயற்சி, நாபோலியும் அதைத்தான் செய்தார். ஆனால் பல நூல்களில் அவள் பட்ட காயம் பக்கம் பக்கமாக விரியும்போது, அவளால் காயப்பட்ட குழந்தை கதையிலிருந்து மறைந்துபோகிறது. சில சமயம் அந்தக் குழந்தையே சூழ்ச்சிக்காரியாகிவிடுகிறது. வீட்டில் அடிபடும் பிள்ளை இதை வாசித்தால், அடிக்கும் கைக்கு நியாயம் சொல்லும் இன்னொரு பெரியவரின் குரலாகத்தான் உங்கள் குரலும் அதன் காதில் விழும். அருள்கூர்ந்து இதை யோசியுங்கள்.

எழுத்தாளர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை சிண்டரெல்லாவைத் தொடும்போது அப்பாவை உயிரோடு வையுங்கள். அவரை வீட்டில் உட்கார வையுங்கள், அவருக்குக் காது கேட்கட்டும். கையில்லாப் பெண்ணின் தகப்பன் சீராட்டுகிறேன் என்று சொல்லும் இடத்தில் ஒரு முழு அத்தியாயம் தங்குங்கள். ரபன்சலின் பெற்றோர் அந்தக் கீரையைத் தின்ற பிறகு பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தபடி எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் கதாநாயகி மாவுமில்காரரின் மகளாகவே தொடங்கி, அவருடைய மகளாகவே முடியட்டும். பதிப்பாசிரியர்களே, அப்படி ஒரு கையெழுத்துப் பிரதி உங்கள் மேசைக்கு வந்தால், போர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. நூலின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வடிவத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்: பெரோவா, பசீலேயா, 1812இன் கிரிமா, 1857இன் கிரிமா. கிரிம் முதல் பதிப்பின் இரண்டு தொகுதிகளையும் ஜாக் ஸைப்ஸ் 2014இல் முழுமையாக ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பழைய வடிவத்தில் அம்மா எங்கே இருந்தாள், அப்பா என்ன செய்தார், நீங்கள் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று அந்தப் பக்கத்தில் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உங்கள் முடிவை அவர்கள் ஏற்பார்களோ மறுப்பார்களோ, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் வாசகி